பதினோராம் மாடி, ஜன்னலோரம்

நவம்பர் 5, செவ்வாய்

மூடுபனி. கடைக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தம் பத்து மணி வரை தெரியவில்லை. ஹாரன் சத்தம் மட்டும். மிளகு டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினேன். விரலெல்லாம் பசை.

துபாய் வீடு வாங்கி இன்றோடு ஒரு வருடம். நான் இன்னும் பார்க்கவில்லை, அத்தாவும் பார்க்கவில்லை. பத்திரம் என் பெயரில். நாற்பது பக்க ஒப்பந்தத்தை வீட்டில் முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். "படிச்ச மக பேர்லயே இருக்கட்டும்" என்றுவிட்டார் அத்தா. ஏற்காட்டில் மேற்கொண்டு ஒரு சென்ட் நிலம் அமையாமல் கடல் தாண்டி வீட்டுக்காரர்கள் ஆனோம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போனில் அந்த வீட்டின் படம் ஒன்று. பதினோராம் மாடி, 1107. காலி ஹால். அகல ஜன்னல். மூலையில் ஒரு துண்டுக் கடல். அங்கே ஒரு நாற்காலியும் புத்தக அலமாரியும் மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

குடியிருப்பவர் சேலத்துக்காரர். அத்தாவின் வியாபாரச் சிநேகிதருடைய மருமகன். தெரிந்த இடம், குடும்பஸ்தர். அத்தா வேறு எதுவும் கேட்கவில்லை. அங்கேயே வேலை பார்க்கும் மச்சான், என் அக்காவின் கணவர், ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அத்தாவின் கண்டிப்பு அப்படி. குடி வைத்த வீட்டு வாசலில் வீட்டுக்காரன் போய் நிற்கக்கூடாது, உள்ளே பெண்கள் இருப்பார்கள். கடைக்குப் பின்னால் வாடகைக்கு விட்ட இரண்டு அறைகளுக்கும் இதே சட்டம். ஒழுகினால்கூடக் கூப்பிட்டால்தான் போவார்.

வாங்க வேண்டியது: நூல்கண்டு, மார்க்கர். நூலகத்தில் இரண்டு புத்தகம் திருப்ப வேண்டும்.

நவம்பர் 6, புதன்

சின்னப்பொண்ணு அக்கா வாழவந்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர். மகன் முருகேசன் எட்டு மாதமாகத் துபாயில், கட்டட வேலை. மஞ்சக்குட்டை ஆள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாராம், அவர் கையில் கொடுத்துவிட ஒரு பொட்டலம். அப்படிப் போகும் பொட்டலங்களுக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதுவது பத்தாம் வகுப்பிலிருந்து என் வேலை.

"ஏனுங்க பாய், பாப்பா இல்லீங்களா?"

"உள்ளதான் இருக்குது" என்றார் அத்தா. "என்னங்க இது, மலையையே கட்டி அனுப்பறீங்களாட்ட இருக்குது?"

"மலை பத்தாதுங்க. பன்னெண்டு பேரு திங்கோணுமில்ல."

ராகி மாவு, மிளகு, காபித்தூள், நார்த்தங்காய் ஊறுகாய். துணியைச் சுற்றித் தைத்துக்கொண்டே பேசினார். "நொம்ப ஒசரமான கட்டடம் கண்ணு. லிப்டு, நீச்சக் கொளமெல்லாம் இருக்குதாம். இவனுங்க அந்தப் பக்கம் போகக்கூடாதாமா. ஒருத்தன் வேலைக்கு எந்திரிச்சா இன்னொருத்தன் படுத்துக்குவானாம். கட்டில் சூடே ஆறாது, ஏசிக் குளுருக்கு நல்லதுங்கறான்."

விலாசம் அவர் போனில் இருந்தது. பார்த்துப் பார்த்துத் துணியில் எழுதினேன். கட்டடத்தின் பெயர். பதினோராம் மாடி. 1107.

கை எழுதி முடித்தது. அதன் பிறகுதான் படித்தேன்.

படம் ஏதாவது அனுப்பினானா என்று கேட்டேன். காட்டினார். இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்று. ஹாலைக் குறுக்கே வெட்டும் பிளைவுட் பலகை. பலகை போய் முட்டும் இடத்தில் பாதி ஜன்னல். மூலையில் அதே துண்டுக் கடல்.

"ஏங்கண்ணு, மொகமே வெளுத்துப் போச்சு. அட்ரஸ் தப்புங்களா?"

"இல்லீங்க்கா. சரியாத்தான் இருக்குது."

பொட்டலம் இங்கேயே இருக்கிறது. புதுக் கண்ணாடி ஷோகேஸ் மேல். அந்த ஷோகேஸ் துபாய் வாடகையில் வாங்கியது.

மத்தியானம் சாப்பிடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

தூறல். அத்தா ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் சொன்னேன். நம்பவில்லை. மச்சானுக்குப் போன். மச்சான் முதல்முறையாகப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளிருந்தே வீடியோ. ஹாலில் எட்டுப் பேர், படுக்கையறையில் நாலு பேர். துண்டு காயும் கயிறுகள். வாசலில் செருப்புக் குவியல். சேலத்துக்காரர் குடும்பத்தோடு வேறு எங்கோ இருக்கிறார். நமக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு இவர்களிடம் வாங்குகிறார்.

அத்தா மிளகு மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினார். "பொண்டு புள்ளைங்க இருக்குமேன்னுதான எட்டிப் பாக்காம இருந்தேன்."

பிறகு மெயில் தேடினேன். கட்டட நிர்வாகம் இரண்டு வாரம் முன்பே அனுப்பியிருக்கிறது. விளம்பரம் என்று திறக்காமல் விட்டிருக்கிறேன். அது குடும்பங்களுக்கு மட்டுமான கட்டடம். வரும் திங்கட்கிழமைக்குள் எல்லோரையும் வெளியேற்றுவதாக ஒரு கடிதத்தில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். தவறினால் அதிகாரிகள் வருவார்கள். அபராதம் எனக்கு. அந்தப் பன்னிரண்டு பேரும் அந்த நிமிடமே தெருவில்.

நாற்பது பக்கத்தையும் படித்தவள்.

நவம்பர் 9, சனி

மாத முடிவு வரை அவகாசம் கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில். முடியாது.

மச்சான்: "கையெழுத்த போட்டு அனுப்பு. அவனுங்க எங்க போவானுங்கங்கறது நம்ம வேலையில்ல."

அத்தா போனை வாங்கினார். "நம்ம ஊடு மாப்ள. நம்ம வேலைதான்."

முருகேசனிடம் நானே பேசினேன். நான் யாரென்று சொன்னதும் சிரித்தான். "நெசமாவாக்கா? ஓனரு யாரோ அரபின்னுல்ல சொன்னாரு அந்தாளு. நம்ம மொளகுக் கடை அக்காவா."

விஷயத்தைச் சொல்லும் முன் அவனே ஆரம்பித்தான்.

"ஓனரு நீங்கன்னா ஒண்ணு கேக்கறனுங்க. ஜன்னலோரக் கட்டில் என்னுது. பாதி ஜன்னல் வருதுன்னு தனியாக் காசு வாங்கறாரு. அத மட்டும் கொறைக்கச் சொல்றீங்களாக்கா?"

நான் நாற்காலி போட்ட இடம்.

சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

நவம்பர் 10, ஞாயிறு

வெயில். ஒரு வாரத்தில் முதல் வெயில்.

ஏழு மணிக்குக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

துபாயில் என் அக்கா தன் வீட்டு ஹாலில் மூன்று பேருக்கு இடம் கொடுக்கிறாள், பதினைந்து நாள். அழுதுகொண்டேதான் ஒத்துக்கொண்டாள். முருகேசன் அந்த மூன்றில் ஒருவன். அவன் பெயரை நான்தான் சொன்னேன். தெரிந்தவன் என்பதால். மற்ற ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மார்க்கர் துணியில் அழியவில்லை. பழைய விலாசத்தின் மேல் வேறு துண்டு வைத்துத் தைத்தேன். அக்கா வீட்டு விலாசம் எழுதினேன்.

பத்து மணிக்கு மஞ்சக்குட்டைக்காரர் ஜீப்பில் வந்தார். பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார். "கல்லு கில்லு வெச்சுத் தெச்சிருக்கீங்களா?" தைத்த இடத்தை விரலால் தடவினார்.

"ஏனுங்க, அந்தம்மா வேற எடந்தான சொல்லுச்சு. பையன் ஊடு மாறிட்டானா?"

"ஆமாங்க."

"எப்பங்க மாறுனான்?"

"நாளைக்கு."