டிக்கியில் விரித்த சேலை

ஆவணி, வெள்ளி இரவு.

வாழைத்தார்க் கறை படாமலிருக்க முதலாளியின் கார் டிக்கிக்கு நானே விரிப்பு தைத்தேன். ஊர்ச் சலவைக்காரர் கொடுத்த சுங்குடிச் சேலையை இரண்டாக மடித்து, மூலைக்கு மூலை நாடா வைத்துக் கட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

முதலாளி வந்து கரையைத் தடவினார்.

"ஏலே, போன மாசம் எங்க ஆத்தா செத்தன்னைக்கு நான் போட்ட கோடிச் சேலையில்ல இது?"

சுடுகாட்டில் பிணத்தின் மேலிருந்து எடுக்கும் துணி சலவைக்காரருக்குத்தான் சேரும். என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. பதறிப்போய் நாடாவை அவிழ்த்தேன்.

"அவுக்காத. ஒருக்காக் கார்ல கூட்டிப் போடான்னு ஆத்தா கேட்டுக்கிட்டே இருந்தாக. நாந்தேன் கூட்டிப் போகல. அங்கனயே இருக்கட்டும்."

பிறகு கம்பம் போய் வந்தோம். தார் எதுவும் ஏற்றவில்லை. ஆனாலும் வண்டி பின்பாரமாகவே இழுத்தது. பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

ஷெட்டில் நிறுத்திய பிறகு டிக்கியைப் பூட்ட மனம் வரவில்லை.