என் சாவியைப் பறித்த காக்காவுக்கு

அன்புள்ள சுல்தான் காக்கா,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீங்கள் ஊரில் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல் உங்களைக் காக்கா என்றே கூப்பிட்டுவந்த நான், அதற்கும் நாலு மாதம் முன்பிருந்தே உங்களோடு பேசவில்லை.

உங்கள் ஊர்ச் சங்கத்தார் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "பத்து வருஷம் ஒரே ரூம்ல இருந்திருக்கீங்க, நீங்க எழுதலேன்னா எப்படி?" என்று கேட்டார்கள். உங்கள் நல்ல மனதைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். நான் எழுத வேண்டியது ஒன்றுதான். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள்.

துபாய் சத்வாவில் கீழே உங்கள் மளிகைக் கடை, மேலே நம் ரூம். எம்.ஏ. படித்தவன், மோட்டார் சைக்கிளில் கம்பெனி கம்பெனியாகக் கவர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என்னைவிட மார்க் குறைவாக வாங்கியவன் அதே கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறான். அந்தக் கசப்பை மறக்க எனக்கு இருந்தது ஒரே வேலை. தேய்ந்த ரப்பர் செருப்பில் பிளேடால் படம் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது. கிரேன், சோனாப்பூர் லேபர் கேம்புக்கு ஆளேற்றிப் போகும் பஸ், மெட்ரோவுக்கு எழும்பிக்கொண்டிருக்கும் தூண்கள். ரூமில் யார் செருப்பு அறுந்தாலும் நீங்கள்தான் கழுவிக் கொண்டுவந்து தருவீர்கள்.

குளிர்காலத்துக்காக இங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள். பார்க்கில் கறி சுடுகிறார்கள். எனக்கு நவம்பர் பிறந்தால் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். ஐந்தரைக்கே இருட்டு. சோறு சோறாக இருக்காது. பிளேடைத் தொட மாட்டேன். துக்கம்கூட இல்லை காக்கா, துக்கமாவது இருந்தால் தேவலை. போனில் மனைவி கேட்பாள், "உங்களுக்கு என்ன, ஏசி வேண்டாம், கிளைமேட் சூப்பர்தான?" ஆமாம் என்பேன்.

போன ஜனவரியில் ஒரு விடியற்காலை, பனிமூட்டத்தில் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு நின்றேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

"ஏன் அணைச்சே?"

"தெரியல காக்கா."

"சரி வாப்பா, மொதல்ல டீயக் குடி."

அவ்வளவுதான் கேட்டீர்கள். மறுநாள் என் மேனேஜரைப் போய்ப் பார்த்து அதைச் சொல்லிவிட்டீர்கள். சாயங்காலம் வண்டிச் சாவி என் கையில் இல்லை. ஃபைல் அறையில் உட்கார வைத்தார்கள். "என்னண்ணே, மண்டையில பஞ்சராமே?" என்று ஆபீஸே சிரித்தது.

இங்கே ரூமில் ஒருவனுக்கு முடியவில்லை என்றால் கம்பெனிக்குத் தெரியாமல் மறைப்பதுதான் நட்பு. தெரிந்தால் விசாவை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். சர்க்கரை, காசநோய், கை நடுக்கம் என்று எத்தனை பேருடையதை நீங்களே மறைத்திருக்கிறீர்கள்? என்னுடையதை மட்டும் ஏன் சொன்னீர்கள்? அதன்பிறகும் கட்டிலுக்கடியில் கழுவிய செருப்புகளை வைத்தீர்கள். நான் குப்பையில் போட்டேன். நீங்கள் லீவில் புறப்பட்ட அன்று தூங்குவதுபோல் படுத்திருந்தேன். நீங்கள் என் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றீர்கள். அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம் செய்தி வந்தது. நெஞ்சுவலி. அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் உங்களுக்காகத் தொழுதார்கள். நான் வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இனி நடப்பைச் சொல்கிறேன். கோடையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் கட்டிலில் இப்போது ஒரு ஏசி மெக்கானிக் படுக்கிறார், குறட்டை பலம். போன திங்கட்கிழமை பனிமூட்டம் இறங்கியது. ஹெல்மெட்டை மாட்டியபோதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு விளக்கை அணைப்பேன் என்று. சொல்ல ஆளில்லை. கீழே உங்கள் கடையில் வேறு யாரோ பால் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஆபீஸ் போனேன். சாவியை மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"க்யா ஹுவா, பாய்?" என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பனி போகிற வரைக்கும் வண்டி வேண்டாம், சார். எனக்கு முடியவில்லை" என்றேன். இந்தியில் அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியை டிராயரில் போட்டுக்கொண்டார். ஊருக்கு அனுப்புவாரா, மாட்டாரா? இன்னும் தெரியவில்லை.

நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். அதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். பிப்ரவரி முடியும்வரை பனி இறங்கும் நாட்களில் வண்டி ஏற மாட்டேன். படம் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் பிளேடைக் கையில் எடுப்பேன். நேற்று ஒரு கோடு கீறினேன். கோணல்தான்.

இதற்குக் கீழே பெயர் போடப்போவதில்லை. பயம் ஒரு காரணம், மறைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பெயர் இருந்தால் 'ஓ, அவனா' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் படிக்கிறவன் ஒருமுறை பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒருவன் பார்த்தால் போதும். 'உங்கள் தம்பி' என்று மட்டும் எழுதி, உறையை ஒட்டி, இப்படியே மலருக்காகச் சங்கத்தாருக்குத் தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் தம்பி