பதினேழாம் ஆணி காலியாக இருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம் இது. சுரங்கத்து விளக்கறைக் கதவில் அம்மாவின் வலது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது, பயப்படாதே, நகம் மட்டும்தான் போயிற்று, அதனால் பேனா என் கைக்கு வந்திருக்கிறது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடியே எழுதுவேன் என்று தொடக்கத்திலேயே அறிவிக்கிறேன். நான் சொல்றதை மட்டும் எழுது போதும் என்கிறாள் அம்மா. அதையும் எழுதிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் அம்மாவும் முழுச் சுகமாகிவிடுவாள். இனி செய்தி. நம் பள்ளிக்கூடத்தை மூடவில்லை! இதைக் கடைசியில் சொல்லலாம் என்றாள் அம்மா, என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை.

நேற்றுக் காலை கல்வி அதிகாரி பூட்டோடு வந்துவிட்டார். புத்தம் புதுப் பூட்டு, விலைச்சீட்டு கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது பிள்ளைகளாவது இருந்தால்தான் பள்ளிக்கூடமாம், நாங்கள் பதினெட்டுப் பேர். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் விஞ்சை ஓட்டும் மாமாவின் இரட்டைப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும், ஆனால் சட்டம் அதுவரை காத்திருக்காதாம். அவர் பூட்டைக் கையில் எடுத்ததும் பெரிய டீச்சர், மூடுறதுக்கு முன்னாடி எங்க பள்ளிக்கூடத்து வரலாற்றையாவது கேட்டுட்டுப் போங்க சார் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். ஆண்டு விழாவுக்காக ஊரில் ஒருவரையும் விடாமல் நச்சரித்து நான் எழுதி வைத்திருந்த வரலாறு அது. வாசலில் நின்ற கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு உரக்கப் படித்தேன்.

அதில் உனக்குத் தெரியாததும் இருக்கிறது, கேள். முதலில் பள்ளிக்கூடம் என்று ஒன்றுமே இல்லை. அம்மா அப்பாமார் சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகு பிள்ளைகள் எல்லாம் விளக்கறையில்தான் காத்துக் கிடப்பார்களாம். தலைவிளக்குகளின் திருகை ஒன்றுவிடாமல் திருகிப் பார்ப்பார்களாம். விளக்கறைக்காரருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அந்தச் சமயம் பாறை உடைக்கும் ஒருவர் கால் முறிந்து மேலே உட்கார்ந்திருந்தார். சும்மாதானே இருக்கே, இதுங்களை மேய்ச்சுத் தொலை என்று விளக்கறைக்காரர் பிள்ளைகளை அவர் தலையில் கட்டிவிட்டார். அவரும் கரித்துண்டால் சுவரில் வாய்ப்பாடு எழுதிப்போட்டார். கால் ஓரளவு குணமானதும் அவர் சுரங்கத்துக்குத் திரும்பப் பார்த்தார், ஆனால் பிள்ளைகள் அவருடைய ஊன்றுகோலை ஒளித்துவைத்துவிட்டு விடவே இல்லை, அவர்தான் நம் முதல் வாத்தியார். வருகையை எப்படிக் கணக்கெடுப்பது? அவருக்குத் தெரிந்த ஒரே வழி சுரங்கத்து வழி. இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையின் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், மேலே வந்ததும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். இன்னொருவர் மாட்டினால், உள்ளே இருக்கும் ஆள் வெளியே வந்துவிட்டதாகப் பலகை பொய் சொல்லும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள், பூட்டக் கூடாது. பள்ளிக்கூடத்திலும் அந்தப் பழக்கம்தான் இன்றுவரை, உள்ளே வரும்போது எடுப்போம், வீட்டுக்குப் போகும்போது மாட்டுவோம். நீ படிப்பை முடித்ததிலிருந்து பள்ளிக்கூடத்தை ஒரு நாளும் பூட்டியதில்லை, சாத்தி மட்டும் வைக்கிறோம், ஆடுகள் வந்து பாடம் கேட்டுவிட்டுப் போகின்றன என்று நான் படித்ததும் கூட்டம் சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை. நேராகப் பலகையிடம் போனார். வகுப்பு இன்னும் தொடங்காததால் மற்ற டோக்கன்கள் எல்லாம் ஆணியில் தொங்கின. பதினேழு எங்கே என்று கேட்டார். அது மறதிக்காரி அக்காவோடது சார் என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். கடைசிப் பரீட்சை முடிஞ்ச சந்தோஷத்துல டோக்கனோட ஓடிப்போயிட்டா சார் என்றார் டீச்சர். தபால்ல அனுப்பச் சொல்லுங்க என்றார் அதிகாரி. தபால்காரர் கொண்டாந்து மாட்டினா அவருதான் மேலே வந்ததா ஆகும் சார் என்றார் விஞ்ச் மாமா. டீச்சர் கூட்டத்தில் நின்ற அம்மாவைக் காட்ட, அதிகாரி அவளைப் பார்த்து, உங்க பொண்ணு எப்பம்மா வரும் என்றார். லீவு குடுத்தா வரும் சார், கடல் தாண்டி இருக்கு என்றாள் அம்மா. அவர் பூட்டை மேசைமேல் வைத்தார். விதின்னா விதிதான், உள்ளே ஆளை வச்சுக்கிட்டு நான் பூட்ட முடியாது என்று சொல்லி, பதினேழாம் எண் திரும்பும்வரை ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் சிரித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, மீசை மட்டும் அசைந்தது. போகிற அவசரத்தில் பூட்டை மறந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் அதைத் திறந்து மூடி விளையாடுகிறார்கள்.

இதற்குப் பிறகுதான் அக்கா, அம்மாவுக்குத் தலைவலி. பொண்ணு எப்ப வருது என்று இத்தனை நாள் துளைத்தவர்கள் எல்லாம் இப்போது வீடு தேடி வந்து, இப்போதைக்கு வர வேணாம்னு எழுதிடுங்க என்கிறார்கள். கேன்டீன் அக்கா சுடச்சுட டீயே கொண்டுவந்து கொடுத்துக் கெஞ்சினாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு அம்மா பொரிந்து தள்ளினாள் பார், என் பொண்ணை வராதேன்னு சொல்ல நீங்க யாரு, ஊருக்கே பள்ளிக்கூடம் வேணும்னா எனக்கு மட்டும் மக வேணாமா என்று. அப்பா மெதுவாக, வரட்டும், மாட்டாம இருந்தா சரி என்றார். அதைக் கேட்டதும் அம்மா முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அம்மாவின் தீர்ப்பு இது: இந்த விடுமுறைக்கு நீ வெறுங்கையை வீசிக்கொண்டு வர வேண்டும். அடுத்த ஆண்டு இரட்டையர்கள் சேர்ந்த பிறகு மறுபடியும் வந்து உன் கையால் மாட்ட வேண்டும். அப்படின்னா ரெண்டு தடவை வருவா, ரெண்டு தடவை என்று நேற்றிலிருந்து வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இத்தோடு முடித்துவிடு என்கிறாள் அம்மா. ஆனால் நீ இப்போது அறையைத் தலைகீழாகப் புரட்டி டோக்கனைத் தேடிக்கொண்டிருப்பாயே, உள்ளதை எழுதாமல் எப்படி விடுவது? தேடாதே அக்கா, அது உன்னிடம் இல்லை. நீ கிளம்பிப் போன வாரம் உன் பழைய சீருடையைப் பிரித்தபோது பைக்குள் கிடைத்ததாம். அன்றிலிருந்து அம்மாவின் பொத்தான் டப்பாவில்தான் இருக்கிறது. அதிகாரி கேட்டது நீ எப்போது வருவாய் என்று மட்டும்தான், டோக்கன் எங்கே என்று கேட்கவில்லை, ஆகவே அம்மா பொய் சொல்லவில்லை. ஏம்மா அக்காவுக்கு அனுப்பல என்று கேட்டேன். அனுப்பினா அங்கேயே வச்சுக்குவா, இங்க இருந்தா இதை மாட்டவாவது வருவாள்ல என்றாள்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள், ஒரு வரி விடாமல் படித்தேன். கிழிச்சுப் போடுடி அதை என்று துரத்தினாள், அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் திரும்ப வந்துவிட்டது. கடைசியில் அம்மாவே, போகட்டும் விடு, அவளும் தெரிஞ்சுக்கட்டும் என்றுவிட்டாள். நோய்நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறார்கள். தலையை ஈரத்தோடு பின்னாதே. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு.

இப்படிக்கு,
உன் வருகையை இரண்டிரண்டாக எண்ணும் அம்மா
(கை மட்டும் தங்கையுடையது)

இன்னும் ஓர் உண்மை பாக்கி. அம்மா இப்போதுதான் பொத்தான் டப்பாவை இடது கையால் எடுத்துக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தாள், டோக்கன் சத்தம் கேட்டது, விளக்கை அணைக்கப் போகிறாள்.