கோயிலு என்று ஒரு குரல்

ஒரகடம்,
22 ஜூன் 2025, ஞாயிறு

என்னை விட்டு வேகமாகப் போய்விட்ட தங்கமாரிக்கு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலம்தான் என்று உன் அம்மா நேற்றே சொல்லிவிட்டார். உன் விளையாட்டு விடுதியில் போன் கூடாது என்றதும் வகுப்பில் எல்லாரும் உனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நான் மட்டும் ரகசியமாகச் சந்தோஷப்பட்டேன். நூலகத்தில் எத்தனை கடிதப் புத்தகங்கள் படித்திருக்கிறேன், கடிதம் எழுத எனக்கென்று ஓர் ஆள் இருந்ததே இல்லை. தபால் அலுவலகத்தில் இன்லாண்ட் லெட்டர் கேட்டபோது அங்கிருந்தவர், "இன்னாம்மா, பரிட்சைல லெட்டர் எழுதச் சொல்லிக்கீறாங்களா?" என்றார்.

காலையில் இப்போதும் கம்பெனி ரோட்டில்தான் ஓடுகிறேன். கன்டெய்னர் லாரிகள் ஓரமாகத் தூங்குகின்றன. ஷிப்ட் பஸ் டிரைவர் முன்பு நம் இருவருக்கும் சேர்த்து ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரே, இப்போது ஒரு தடவைதான் அடிக்கிறார். முதல் நாள் பஸ்ஸை மெதுவாக்கி, "இன்னொரு பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டார். "திருநெல்வேலிப் பக்கம் ஓடுது அண்ணா" என்றேன். "அவ்ளோ தூரமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ரகுபதி அண்ணன் ஷேர் ஆட்டோவை நிறுத்தி, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஆள் ஏற்ற, "கோயிலு கோயிலு கோயிலு" என்று கூவும்போது மட்டும் தாங்க முடியவில்லை. போன வருடம் குறுவட்டப் போட்டியில் எல்லாப் பள்ளிக்காரிகளும் குச்சி கொடுக்க ஒரே நேரத்தில் "கை! கை!" என்று கத்தினார்கள். யாருடைய கத்தலுக்கோ நீ கையை நீட்டி, நம் ரிலே குச்சி தரையில் உருண்டது. "ஊரே கைன்னு கத்தினா அவளுக்கு எப்படிடி தெரியும்? உங்களுக்குன்னு ஒரு சத்தம் வெச்சுக்குங்க" என்றார் நம் பி.டி. லீலா மிஸ். அன்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவில் நீ டிரைவர் பக்கத்தில், நான் பின்னால். ரகுபதி அண்ணன் "கோயிலு" என்று கூவினார். நீ திரும்பாமலேயே இடது கையைப் பின்னால் நீட்டினாய். நான் ஒரு கடலை மிட்டாயை வைத்தேன். அப்புறம் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு ஞாயிறும் அதே விளையாட்டு. கடைசியில் நான் மைதானத்தில் "கோயிலு!" என்று கத்தினால் உன் கை தானாக வர ஆரம்பித்தது. மாவட்டத்தில் அந்தச் சத்தத்தால்தானே ஜெயித்தோம்!

இப்போது நான் மூன்றாவது ஆளாக ஓடி வருகிறேன். எதிரே நான்காவது ஆள் இல்லை. "தங்கமாரி திரும்பி வந்தாலும் வரலாம், இடத்தை வைத்திருப்போம் மிஸ்" என்றேன். "அவ வரக் கூடாதுடி" என்றார்.

உன் அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். கேன்டீன் வேலை முடிந்து ரூமுக்குப் போகிற வழியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "வருசக் கடைசியில பாத்துட்டு, தேறலன்னா விடுதியில இருந்து அனுப்பிருவாகளாம். அனுப்பிட்டா என்ன, பன்னெண்டு முடிச்சதும் கம்பெனி லைன்ல போயி நிப்பா. நீ நல்லாக் கும்பிட்டுக்க தாயீ" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் அனுப்பினால் இங்கேதானே வருவாய் என்று ஒரு நொடி நினைத்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். பேனாவில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

உன் பின்னாலேயே ஓடி வரும்
மூன்றாவது ஆள்,
கனிஷ்கா


பாளையங்கோட்டை,
6 ஜூலை 2025

ஏட்டி கனிஷ்கா,

உன் லெட்டரை இங்க நாலு பேரு படிச்சாச்சு. "யாருட்டி இது, பாடப்புத்தகம் மாதிரி எழுதுதா?"ன்னு கேக்காளுவ. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

இங்க சாப்பாடு நல்லா இருக்கு. தினம் முட்டை. சங்கரன்கோவில்காரின்னு சொன்னா நம்ப மாட்டேங்காளுவ. நான் மெட்ராஸ்காரி மாதிரி பேசுதேனாம். அங்க இருந்தப்ப என் பேச்சைக் கேட்டு எல்லாரும் சிரிச்சீங்க, இங்க இவளுவ சிரிக்காளுவ. ஓடும்போது மட்டும் யாரும் சிரிக்கல.

ரிலேயில என்னையத்தான் கடைசி ஆளாப் போட்டிருக்காங்க. எனக்குக் குச்சி குடுக்கது பன்னெண்டாவது படிக்க ஜோதி அக்கா. தங்கமான அக்கா. ஆனா இங்க "கை"தான். ஜோதி அக்கா கூப்பிட்டா என் கை உடனே போக மாட்டேங்குது. காது வேற எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது. கோச்சுகிட்ட தினம் ஏச்சு.

நீ அனுப்பிட்டா நல்லதுன்னு நெனைச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. ராத்திரி படுத்தா நானும் அதைத்தான் நெனைக்கேன். காலையில எந்திரிச்சா பயமா இருக்கு. கேன்டீன்ல நின்னுக்கிட்டே இருக்க எங்கம்மா கால நெனைச்சா இங்க இருந்து போகக் கூடாதுன்னு தோணுது.

ஒண்ணு மட்டும் சொல்லு. என் இடத்துல யாராவது வந்தா, அவளையும் கோயிலுன்னுதான் கூப்பிடுவியா? உண்மையச் சொல்லணும்.

நாலாவது ஆள்,
தங்கமாரி


ஒரகடம்,
10 ஆகஸ்ட் 2025

சந்தேகப் பேர்வழி தங்கமாரிக்கு,

உன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெயர் அமலா, ஒன்பதாம் வகுப்பு. பென்னலூரிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்து படிக்கிறாள். ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. கன்டெய்னர் லாரி டிரைவர்கள் எல்லாரிடமும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே ஓடுகிறாள். உன்னைப் போல் வளைவு முடிந்ததும் பாய மாட்டாள். ஆனால் கடைசி இருபது மீட்டரில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வேகம் வருகிறது.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. அவளை "கை" என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தச் சத்தம் உனக்குத்தான். சத்தியம்.

யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். நேற்று வந்து, "இன்னாக்கா, உங்களாண்ட வேற ஒரு சத்தம் கீதாமே? அது எனக்குக் கெடையாதா?" என்றாள்.

"கிடையாது."

"அதுல கத்தினா வேகமா வருமாமே?"

"கிடையாதுன்னா கிடையாது அமலா."

"சரி, நீயே வெச்சிக்கினு கும்புட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் அப்பா உன்னை விசாரித்தார். கம்பெனி கேட்டில் நின்று வருகிற போகிற எல்லார் கார்டையும் பார்ப்பவர் அல்லவா, முகம் மறக்காது அவருக்கு. "அந்தத் தெக்கத்திப் பொண்ணு எங்க, வூட்டுப் பக்கம் ஆளையே காணோம்?" என்று வாரம் ஒரு தடவை கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்கிறேன். அந்தச் சாக்கில் உன் பெயரை உரக்கச் சொல்ல முடிகிறது.

அந்தச் சத்தத்தைப் பூட்டி வைத்திருக்கும்
மூன்றாவது ஆள்,
கனிஷ்கா


பாளையங்கோட்டை,
19 அக்டோபர் 2025

ஏட்டி,

நாங்க மாவட்டத்துல முதல் இடம். நீங்களும் உங்க மாவட்டத்துல முதல் இடம்னு அம்மா வார்டன் போன்ல சொன்னா. அப்படின்னா நவம்பர்ல ஈரோட்டுல மாநிலப் போட்டிக்கு ரெண்டு பேரும் வருவோம்! நான் விடுதி மாடியில நின்னு கத்திட்டேன். வார்டன் வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க.

ரிலேயில மெடல் வந்துட்டா எங்கள்ல மூணு பேருக்கு அடுத்த வருசம் விடுதியில இடம் உறுதின்னு கோச் சொல்லிட்டாங்க. ஜோதி அக்காவுக்கு அந்த மெடல் வந்தாத்தான் காலேஜுல இடம். அக்கா சாமி படத்துக்கு முன்னாடி என் இடது கையப் பிடிச்சுக்கிட்டு, "இந்தக் கைய நம்பித்தான் இருக்கேன்"னாங்க. எனக்கு அழுகையே வந்துட்டு.

இப்ப "கை"க்கும் கை போகுது. பழகிட்டேன்.

முடிய வெட்டிட்டாங்க. என்னைய அடையாளம் தெரியாமப் போயிராத.

நாலாவது ஆள்,
தங்கமாரி


ஒரகடம்,
16 நவம்பர் 2025

தங்கமாரி,

ஈரோட்டிலிருந்து நேற்று வந்துவிட்டோம். போட்டி முடிந்ததும் உன்னைப் பார்க்க உங்கள் பஸ் வரை ஓடினேன். கதவை மூடிவிட்டார்கள். நீ ஜன்னல் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் புரியும்.

இறுதிச் சுற்றில் எங்களுக்கு நான்காவது லேன். பக்கத்து ஐந்தாவது உங்களுக்கு. நான் குச்சியோடு வளைவில் வருகிறேன். எதிரே அமலா நிற்கிறாள், அவள் பக்கத்தில் முடி வெட்டிய ஒரு பெண். முடியை வெட்டினால் என்ன? போன வருடம் முழுக்க நான் துரத்திய முதுகு அல்லவா அது? நான் உன் ஜோதி அக்காவை விட இரண்டு எட்டு முன்னால் இருந்தேன். அமலாவும் நீயும் ஓட ஆரம்பித்துவிட்டீர்கள். வாயைத் திறந்தேன். "கை" என்றுதான் கத்தப் போனேன். "கோயிலு" என்று வந்துவிட்டது.

அமலாவின் கை வரவில்லை. உன் கை வந்தது.

உள்ளங்கை மேலே பார்க்க, விரல் விரித்து, ஆட்டோவில் நீட்டுவது போலவே. எனக்கு எட்டும் தூரத்தில். ஒரு கணம் குச்சியை அதில்தான் வைக்கப் போனேன். அப்புறம் "அமலா, கை கை" என்று அலறி அவளிடம் திணித்தேன். அதற்குள் மூன்று பேர் தாண்டிவிட்டார்கள். பின்னால் குச்சி விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அது உங்களுடையது.

நாங்கள் ஆறாவது. அதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. உன் இடம் என்னாகும்? ஜோதி அக்கா என்ன சொன்னார்? ஒரு வரி போதும், எழுது.

கனிஷ்கா


ஒரகடம்,
30 நவம்பர் 2025

தங்கமாரி,

பதில் வரவில்லை. மழை பெய்துகொண்டே இருக்கிறது, தபால் தாமதமாகும் என்று வைத்துக்கொள்கிறேன். பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. உன் அம்மாவிடம் கேட்டேன். "போன்ல பேசவே மாட்டேங்கா தாயீ. பெட்டிய மட்டும் கட்டி வெச்சிருக்காளாம்" என்றார். அவருக்கு நடந்தது தெரியாது. எனக்குக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார்.

நீ வரலாம் என்று ஜூனில் நினைத்தேனே, அந்த வரியை அன்றே அடித்திருக்க வேண்டும்.

கனிஷ்கா


பாளையங்கோட்டை,
7 டிசம்பர் 2025

கனிஷ்கா,

பெட்டியப் பிரிச்சுட்டேன். ஈரோட்டுல முந்தின நாள் ஓடுன இருநூறு மீட்டர்ல எனக்கு மூணாவது இடம் வந்துச்சுல்லா, அதை வெச்சு இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிரு. நான் சொன்னா அழுதுருவேன்.

ஜோதி அக்காவுக்குத்தான் ஒண்ணும் இல்ல. நான் கைய நீட்டுனேன், ஒண்ணும் வரல, மடக்கிட்டேன். அப்பத்தான் அக்கா "கை"ன்னு கத்துனாங்க. குச்சி என் இடுப்புல இடிச்சுக் கீழ விழுந்துட்டு. அக்கா என்னைய ஏசவே இல்ல. "ஏன்ட்டி மடக்குன?"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாங்க. நான் என்னன்னு சொல்ல? என் கூட்டாளி கூப்பிட்டா, போயிட்டேன்னா? இப்ப என்கூடப் பேசுறதில்ல.

உன் மேல கோவம் இருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேன். நீ கூப்பிட்டதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு கனிஷ்கா. ஜோதி அக்கா, மெடல், எல்லாம் மறந்து போச்சு. ஆட்டோவுல உக்காந்திருக்க மாதிரியே இருந்துச்சு. அதை நெனைச்சாத்தான் பயமா இருக்கு. அடுத்த வருசமும் நாம பக்கத்துப் பக்கத்து லேன்ல நிப்போம். நீ கூப்பிட்டா என் கை மறுபடியும் வரும். எனக்குத் தெரியும்.

அதனால அந்தச் சத்தத்த அமலாவுக்குக் குடுத்துரு. நான் கேட்டுத்தான் நீ சத்தியம் பண்ணுன, நானே விடுதேன். அது அவளுக்குன்னு ஆயிட்டா, நீ கத்துனாலும் அது அவளைத்தான்னு என் காதுக்குத் தெரியும். எனக்கு "கை" போதும்.

பரிச்சை வரைக்கும் எழுத மாட்டேன். நீயும் எழுதாத. உன் லெட்டர் வந்தா அன்னைக்கு முழுக்க என் கால் ஓட மாட்டேங்குது. அம்மாவ மட்டும் பாத்துக்க.

தங்கமாரி


ஒரகடம்,
21 டிசம்பர் 2025

தங்கமாரிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னேன். கேன்டீன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் உள்ளே போய் எனக்கு இரண்டு வடை எடுத்து வந்தார்.

அமலாவிடம் கொடுத்துவிட்டேன். லீலா மிஸ், "சரி, இதுலயே பழகுங்க" என்றார். அமலாதான், "இத்தினி நாளு குடுக்காம இப்ப இன்னாத்துக்குக் குடுக்கறே?" என்றாள். "உனக்குத்தான் இனிமே" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்த் தன் இடத்தில் நின்றாள். முதல் வாரம் அந்தச் சொல் என் வாயில் சரியாக வரவே இல்லை. உன்னைக் கூப்பிட்டு, வேறு யாரோ திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

மழை விட்டதிலிருந்து மறுபடி கம்பெனி ரோடு. பஸ் டிரைவர் இப்போது ரெண்டு தடவை ஹாரன் அடிக்கிறார்.

இன்று ஞாயிறு. நானும் அமலாவும் பயிற்சிக்குப் போக ஸ்டேஷன் ஆட்டோவில் ஏறினோம். அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில், நான் பின்னால். அவளுக்கு ஆட்டோ விளையாட்டை நான் சொல்லவே இல்லை. ரகுபதி அண்ணன் வெளியே தலையை நீட்டி, "கோயிலு கோயிலு கோயிலு" என்று கூவினார். ஒரு மெலிந்த இடது கை, திரும்பாமலேயே, என் பக்கம் நீண்டது.

பையில் தேடி ஒரு கடலை மிட்டாயை எடுத்து அதில் வைத்தேன்.

கனிஷ்கா