என் வலக்கையும் நீலச் சாயமும்

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து குளியல்கூடத்தில் வருகிறவர்களின் அழுக்கை முதுகு முதுகாகத் தேய்த்துத் தள்ளினேன். கடைசியாக வந்தவள் மீன்சந்தை யூன் அம்மா. அவள் மேலிருந்து அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. "போன மாசம்தானே தேய்ச்சுக்கிட்டேன்?" என்றாள். "போன மாசம் உங்க பேர்ல வேற யாராவது வந்திருப்பாங்க" என்றேன். சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து வழுக்கி விழப் பார்த்தாள்.

மார்பில் புற்று என்பதை குளியல்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் போங்-ரே அக்காவிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கண்டுபிடித்ததே அவள்தான். விடுமுறை நாளில், தேய்ப்புக்காரிகளான நாங்கள் ஒருவரையொருவர் தேய்த்துவிட்டுக்கொள்வோம். போன மாதம் என் வலது மார்போரம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. "ஏண்டி மல்-சுன், இது அழுக்கு இல்லடி."

அக்குளுக்கும் போயிருக்கிறதாம். ஊசி குத்திப் பார்த்துவிட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

புற்று எனக்கு. காத்திருக்கும் இடத்தில் அழுதது என் வீட்டுக்காரர். கடைசியில் நான்தான் அவருக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துத் தேற்றினேன்.

அறுவை செய்யப்போகிற டாக்டர் சோக், என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டுவிட்டேன்: "மார்பு போனா போகட்டும் டாக்டர். அதை வெச்சுக்கிட்டு இனிமே நான் என்ன பண்ணப் போறேன்? வலக்கை போச்சுன்னா எனக்குச் சோறு போச்சு."

பயம் சும்மா வரவில்லை. எதிர்த்தெருக் குளியல்கூடத்தில் ஒருத்திக்கு இதே அறுவை நடந்தது. கை முள்ளங்கியாக வீங்கிப்போய்த் தொழிலையே விட்டாள்.

டாக்டர் ஒரு தாளில் அக்குளை வரைந்தாள். உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருந்தது.

"இந்த நிணநீர் முடிச்சுங்க எல்லாம் ஒரே வேலை பார்க்கறதில்ல. சிலது மார்புக்கு, சிலது கைக்கு. முன்னாடி எல்லாத்தையும் சேர்த்து வழிச்சு எடுத்துடுவோம். கையில ஊர்ற நீருக்கு இறங்க வழியில்லாம கை வீங்கிடும். இப்ப உங்க கையில நீலச் சாயம் ஏத்துவேன். எது நீலமா தெரியுதோ அது கையோட வழி. அதை முடிஞ்சவரை தொடாம விட்டுடுவேன்."

"முடிஞ்சவரைன்னா?"

"நீல முடிச்சுலயே புத்து இருக்கற மாதிரி தெரிஞ்சா எடுத்துடுவேன். கைக்காக உயிரைப் பேரம் பேச மாட்டேன். வீங்கவே வீங்காதுன்னு சத்தியமும் பண்ண மாட்டேன்."

சத்தியம் பண்ணாத டாக்டர். பிடித்திருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

மார்ச் 19, புதன்

நாளைக்கு அறுவை. கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ரயிலேற்றி அனுப்பப்போகிறவளைப் போல.

மார்ச் 21, வெள்ளி

கழிப்பறையில் போட்ட கூச்சலுக்கு நர்சு ஓடி வந்தாள். என் மூத்திரம் பச்சை! "சாயம்தான்மா, போயிடும்" என்று சிரித்தாள். அவளைப் பெற்றவளுக்கு மூத்திரம் பச்சையாகப் போனால் அப்போதும் சிரிப்பாளா?

டாக்டர் வந்து சொன்னது: ஒரு நீல முடிச்சு சந்தேகமாக இருந்ததால் எடுத்துவிட்டாள். மற்றவற்றை விட்டுவிட்டாள். அதை எடுக்கும்போது அறுந்த ஒரு நீலக் குழாயை, நுண்ணோக்கி வைத்து, பக்கத்தில் இருந்த சின்ன இரத்தக்குழாயோடு சேர்த்துத் தைத்திருக்கிறாள், கையில் ஊறும் நீர் அதன் வழியாக இறங்கட்டும் என்று. முடியைவிட மெல்லிய நூலாம். நான் இருபது வருடம் தேய்த்ததில் அவ்வளவு நுணுக்கமாக ஒன்றும் செய்ததில்லை.

மேல்கையின் உட்புறம் நீலத் திட்டு. மெல்ல மெல்ல மறையுமாம். அந்தக் கைக்குச் சுடுநீர் கூடாது, கீறல் கூடாது, தேய்க்கவே கூடாது என்றாள். மண்டையை மண்டையை ஆட்டினேன்.

ஏப்ரல் 2, புதன்

போங்-ரே அக்கா ஒரு பெட்டி பூசணிச் சாற்றோடு வீட்டுக்கு வந்தாள். வீக்கத்துக்குக் கண்கண்ட மருந்தாம். வீக்கமே இல்லையே என்றால், "வராம இருக்கத்தான், குடிடி" என்கிறாள்.

சட்டையை விலக்கிக் காட்டினேன். திட்டைப் பார்த்ததும் அவள் முகம் கோணிப்போனது. "ஊரு அழுக்கையெல்லாம் உரிக்கிறவ கையில இப்படி ஒரு கறையா? கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பா?"

எனக்கும் அதே உறுத்தல்தான். பொய் எதற்கு.

"லேசா," என்றேன். அவள் பையில் எப்போதும் ஒரு தேய்ப்புறை, கையில் மாட்டித் தேய்க்கும் சொரசொரப்புத் துணி, இருக்கும். ஊறவைக்காமல் தேய்ப்பது தொழிலுக்கே அவமானம் என்பதால், முதலில் சுடுநீர்த் துணியால் கையைச் சுற்றினோம். பிறகு தேய்த்தாள். எங்கள் ஊரில் 'லேசா' என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தோல் சிவந்தது. திட்டு அப்படியே இருந்தது. சாயம் தோலுக்கு உள்ளே இருக்கிறது என்பது இரண்டு தேய்ப்புக்காரிகளுக்கு உறைக்கவே இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

காய்ச்சல். கை சிவந்து, சூடாகி — வீங்குது. ஐயோ, வீங்குது. மோதிரம் கழலலை. என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஏப்ரல் 5, சனி

மறுபடி ஆஸ்பத்திரி. இடக்கையில் மருந்து ஏறுகிறது. டாக்டர் சோக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரு தேய்ச்சது?"

"நான்தான்."

"இடது கையாலயா? இவ்வளவு அழுத்தமாவா?"

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். "கண்ணு பூத்துப் போற அளவுக்கு உட்கார்ந்து தச்ச வழிம்மா அது" என்றாள். வடியுமா என்று கேட்டேன். "தெரியல. கிருமியை முதல்ல அடக்கணும்."

புற்று என்று சொன்ன அன்றுகூட இவ்வளவு பயப்படவில்லை. போர்வைக்குள் அழுதேன். வீட்டுக்காரர் கஞ்சி வாங்கி வந்தார். பரவாயில்லை, கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 9, புதன்

காய்ச்சல் விட்டது. வீக்கம் பாதிதான் இறங்கியிருக்கிறது. போங்-ரே அக்கா வரவே இல்லை. நானே போன் செய்தேன்.

"உன் கையை நான் அறுத்துட்டேன்டி," என்று மூக்கை உறிஞ்சினாள்.

"அறுத்தது டாக்டர். நீ உரிச்சே, அவ்வளவுதான். அவ பட்டத்தை நீ வாங்கிக்காதே."

சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

புற்றுக்கு மருந்து ஏற்றியதில் முடி கொட்டி முடிந்தது. மண்டை பளபளக்கிறது, தேய்க்கவே வேண்டாம். வீக்கத்தை அடக்கக் கைக்கு இறுக்கமான உறை. மாலையானால் கை கனக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

மருந்து, கதிர் எல்லாம் முடிந்தாயிற்று. போன வாரம் டாக்டர் நாடா வைத்து அளந்துவிட்டு, இரண்டு கையும் ஏறக்குறைய ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் போகலாம் என்றாள். நான் நம்பவில்லை. நாடா அவளுடையதுதானே.

இன்று குளியல்கூடத்துக்கு விடுமுறை. போங்-ரே அக்கா தனியாகத் தரை கழுவிக்கொண்டிருந்தாள். துணி மாற்றி, துணி வைக்கும் பெட்டகச் சாவியின் ரப்பர் வளையத்தைப் பழக்கதோஷத்தில் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கதை பேசியபடி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் கவனித்தாள்.

"அடிப்பாவி! எந்தக் கையில மாட்டியிருக்கே!"

ஓடிவந்து பிடுங்கினாள். இருவரும் மணிக்கட்டையே பார்த்தோம். கோடையில் உறையின் விளிம்பு பட்டால்கூடப் பள்ளம் விழுந்து, மறுநாள்வரை நிற்கும். இன்று ஒரு தடமும் இல்லை. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தோல் உடனே எழும்பியது. இன்னொரு இடத்தில் அழுத்தினாள். அங்கேயும் எழும்பியது.

குழாயை முழுக்கத் திறந்துவிட்டு முகம் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"என்னக்கா?"

"சோப்பு கண்ல பட்டுடுச்சு."

அவள் கையில் சோப்பே இல்லை.

பிறகு என்னைப் படுக்கவைத்து முதுகு, கால், இடக்கை எல்லாம் உரித்தெடுத்தாள். வலக்கை வந்ததும் தேய்ப்புறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையால் நுரை தடவி வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து காலையில் மட்டும் வரச் சொல்லியிருக்கிறாள். குண்டம்மாக்கள் எல்லாம் அவளுக்காம், ஒல்லிகள் எனக்காம். ஒப்புக்கொண்டேன்.