தொடையில் போட்ட ஊதாக் கோடு

மார்ச் 3, திங்கள்
வலது தொடையில் முட்டை அளவுக் கட்டி. சதைக்குள் வரும் புற்றுநோயாம். இன்று முதல் கதிர் வைக்கிறார்கள், இருபத்தைந்து நாள். அது முடிந்து ஒரு மாதம் கழித்து அறுவை.

"முதல்லயே வெட்டி எறிய வேண்டியதுதானே?" என்றேன்.

"இப்பவே வெட்டினா காலும் போகலாம்மா. கதிர் வச்சு அடக்கிட்டா, கட்டியை மட்டும் எடுத்துட்டு காலைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார் பெரிய டாக்டர்.

பார்க்கலாம் என்றார். முடியும் என்று சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்.

கதிர் மெஷின்காரர் தொடையில் ஊதா மையால் கோடு போட்டார், கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாம். அழியக் கூடாதாம்.

மார்ச் 4
மருமகள் துணைக்கு வந்தாள். கல்யாணமாகி மூன்றாம் நாள் என் சமையலில் உப்புத் தூக்கல் என்றவள். பதினாறு வருஷம் ஆகிறது. வழியெல்லாம் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 13
குளிக்கையில் கை பழக்கத்தில் தேய்த்துவிட்டது. பாதிக் கோடு போயிற்று. எனக்கா ஞாபகம் இல்லை? பேத்தியின் பேனாவை எடுத்து நானே போட்டுக்கொண்டேன். அச்சு அசல்.

மார்ச் 14
மெஷின் அறை வாசலிலேயே மருமகள் போட்டுக் கொடுத்தாள். "சார், அந்தக் கோட்டை அத்தையே வரைஞ்சிருக்காங்க. புடவை விலகினப்ப பார்த்தேன், இடம் மாறியிருக்கு."

அளந்தார்கள். ஒன்றரை விரல் தள்ளி.

"நல்லவேளை பாட்டிம்மா. இப்படியே வச்சிருந்தா நல்ல சதை வெந்திருக்கும், கட்டி உக்காந்து சிரிச்சிருக்கும்" என்றார் மெஷின்காரர். எல்லார் முன்னாலும்! அவர் சொன்னதை விடுவேன். இவள் சொன்னதை விட மாட்டேன். என்கிட்ட தனியா சொன்னா என்னவாம்?

மார்ச் 15
தனியாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? இல்லை.

ஏப்ரல் 4
இருபத்தைந்தும் முடிந்தது. தோல் கறுத்து உரிகிறது. கட்டி சுருங்கவில்லை. சுருங்காவிட்டாலும் உள்ளே செத்திருக்கும் என்கிறார் டாக்டர்.

மே 11
அறுவை முடிந்து மூன்று நாள். அன்று மயக்கம் தெளிந்ததும் போர்வைக்குள் கையை விட்டுக் காலைத் தேடினேன். இருந்தது.

மே 22
எடுத்த கட்டியின் ஓரமெல்லாம் சுத்தம், உள்ளே மிச்சம் இல்லை என்று பரிசோதனைச் சீட்டு வந்தது. கதிர் பட்ட இடம், புண் ஆற நாளாகுமாம்.

ஜூலை 2
ஒரு மூலையில் மட்டும் புண் மூடவில்லை. தினமும் கட்டு மாற்றுவது மருமகள். முகம் சுளிக்கிறாளா என்று கவனித்தேன். இல்லை.

இனிமேல் தானே வந்து மாற்றுவதாக நர்ஸ் போனில் சொன்னாள்.

"வேணாம்மா. எங்க வீட்டுப் பொண்ணு பார்த்துக்குவா. அவளுக்குத்தான் கை நிதானம்" என்றேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கேட்டிருப்பாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை — அழுத்தக்காரி.