கிளினிக்கில் சொன்ன பொய்

சுதாஜினி,

பிள்ளையின் குடல் கோளாறு முன்பே தெரியாமற்போனதற்கு நான்தான் காரணம்.

பரந்தன் கிளினிக்கில், கர்ப்பிணியாய் நீ நிறை பார்க்கப் போனபோது மிட்வைஃப் என்னிடம் கேட்டா: “தம்பி, ரெண்டு பேரும் சொந்தமோ?”

“இல்லை மிஸ், பிறத்தி.”

மாமி மகளைக் கட்டியதைச் சொல்ல வெட்கம். ஓம் என்றிருந்தால் விசேட ஸ்கானுக்கு அனுப்பியிருப்பார்கள். சொந்தத்துக்குள் கட்டச் சொன்ன சனம்தான் அதை மறைக்கவும் பழக்கியது. ஆனால் பொய் சொன்ன வாய் என்னுடையது.

நேற்று பிள்ளை வயிற்றில் தையலோடு கிடக்க, என் அம்மா உன்னை ஏசினா: “அன்னாசி தின்னாதையெண்டு சொன்னனான், கேட்டியோடி?” நீ அழுதாய். நான் வார்டு வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவிடம் நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. இதை அவாவுக்கு முன்னால் சத்தமாக வாசி. அதன் பிறகும் என்னை மச்சான் என்று கூப்பிடுவாயா? பதில் சொல்லு.

உன் மச்சான்